பழைய இரும்பும் புதிய கணக்கும்

"பழைய இரும்பு, பித்தளை, ஈயம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டியைத் தள்ளி வருபவரை நாம் அனைவரும் அறிவோம். துருப்பிடித்த வாளியையும், ஒடிந்த கதவுக் கீலையும், ஓடாத சைக்கிளின் சட்டத்தையும் அவர் தராசில் நிறுத்துச் சில ரூபாய்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருடைய சரக்குச் சென்று சேரும் இடத்தைச் சென்னையில் காயலான் கடை என்கிறோம். தில்லியில் அவரையே கபாடிவாலா என்று அழைக்கிறார்கள். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. நம் வீட்டில் பயனற்றுப் போனது அவர் கைபட்டதும் பண்டமாகிறது. பிறகு அது உலையில் உருகி, கம்பியாக உருண்டு, எங்கோ ஓர் ஊரில் எவருடைய வீட்டுக் கூரைக்குள்ளோ சென்று அமர்கிறது.

இந்தச் சுற்றைத்தான் இன்று பொருளாதார அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று கூறுகிறார்கள். மண்ணைத் தோண்டி எடுப்பது, பண்டமாகச் செய்வது, பயன்படுத்துவது, பின்னர் எறிந்துவிடுவது என்னும் நேர்கோட்டு வழக்கத்திற்கு மாறாக, எடுத்த பொருளை இயன்ற காலம் வரை பயனிலேயே வைத்திருப்பதும், பயன் தீர்ந்தபின் மீண்டும் தொழிலுக்கே கொண்டு வருவதும் இதன் நோக்கம். ஒரு தொழில்துறை எந்த அளவுக்கு இவ்வாறு சுழல்கிறது என்பதை அளக்கச் சில குறியெண்களை வகுத்திருக்கிறார்கள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் இதற்கென 59020 என்ற எண்ணுள்ள தரநூல் ஒன்றை 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஆனால் குறியெண் கையில் இருப்பது ஒன்று. அதனைச் சரியாகப் படித்தறிவது வேறொன்று. நம் நாட்டின் உருக்குத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்குறியெண்கள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லாமல் விடுகின்றன என்பதை இன்று சிறிது ஆராய்வோம். 2018 முதல் உருக்கு உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடம் நம்முடையது. எனவே இந்தக் கணக்கு நமக்குப் பொழுதுபோக்குக் கணக்கு அன்று.

எல்லோரும் முதலிற் கேட்கும் கேள்வி இது: உலையில் இடும் இரும்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு பழைய இரும்பு? இது நல்ல கேள்விதான். ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத்தாதுவும், 630 கிலோ கோக் நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சமாகும் என்று மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுப் பழைய இரும்பு மறுசுழற்சிக் கொள்கை கணக்கிட்டிருக்கிறது. கோக் நிலக்கரியின் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஆதலால் தெருவில் கூவிச் செல்பவர் நம் அந்நியச் செலாவணியையும் சிறிது காத்துத் தருகிறார் என்றே சொல்லலாம்.

எனினும் இந்த ஒரு சதவிகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறினால் தவறிவிடுவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அண்ணனுக்குச் சிறுத்துப்போன சட்டை தம்பிக்கு வருகிறது. அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன் என்றால் புதுத்துணி வாங்கவே வேண்டியதில்லை. அண்ணன் ஒருவனாயும் தம்பிமார் எழுவராயும் இருந்தால், ஒரு சட்டையையும் வீணாக்காத வீட்டிலும் ஆறு சட்டைக்குக் கடைக்குப் போயே தீரவேண்டும். அந்தத் தாயைச் சிக்கனம் அறியாதவள் என்று குறை கூறலாமா?

நம் உருக்குத் தொழிலின் நிலை இதுவே. 1990-இல் நம் நாடு வார்த்த உருக்கு ஏறத்தாழ 1.5 கோடி டன். 2023-இல் வார்த்தது ஏறத்தாழ 14 கோடி டன். கட்டடத்திலும் பாலத்திலும் இயந்திரத்திலும் புகுந்த உருக்கு சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1990-இல் வார்த்ததுதான் இப்போது பழைய இரும்பாகத் திரும்பிவர வேண்டும். அதில் ஒரு குண்டூசியும் தவறாமல் திரும்பினாலும், 2023-இன் தேவையில் நூற்றுக்குப் பதினொரு பங்கைத்தான் நிரப்ப முடியும். பொதுக் கணக்காகச் சொன்னால், ஆண்டுக்கு 7 சதவிகிதம் வளரும் தொழில் முப்பது ஆண்டில் ஏழரை மடங்காகிறது. அத்தகைய தொழிலில் பழைய பொருளின் பங்கு குறைவாக இருப்பது அத்தொழிலின் இளமையைக் காட்டுகிறதே அன்றி ஊதாரித்தனத்தைக் காட்டவில்லை. அமெரிக்காவில் பத்தில் ஏழு பங்கு உருக்கு, பெரும்பாலும் பழைய இரும்பை உருக்கும் மின்னுலைகளிலிருந்து வருகிறது. அங்கே பல தலைமுறைகள் கட்டி முடித்த பாலங்களும் ஆலைகளும் வண்டிகளும் இன்று ஓய்வு பெறுகின்றன. நம் நாட்டிலோ ஆள் ஒன்றுக்கு ஆண்டில் பயன்படும் உருக்கு ஏறத்தாழ 100 கிலோதான். உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல். நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் நாடு.

இதே குறியெண்ணில் இன்னொரு மயக்கமும் உண்டு. பழைய இரும்பு என்று கணக்கில் எழுதப்படுவதெல்லாம் பழையது அன்று. தகட்டிலிருந்து காரின் கதவை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளும், கடைசல் பட்டறையில் விழும் சுருள்களும் உலைக்கே திரும்புகின்றன. இவை எவர் வீட்டிலும் ஒரு நாளும் உழைத்தவை அல்ல. ஒரு தொழிற்சாலை கவனமின்றித் தகட்டை வெட்டி மிகுதியாக வீணாக்கினால், உலைக்குப் போகும் துண்டுகளும் மிகுதியாகும், குறியெண்ணும் உயரும். வீணாக்குவதால் உயரும் எண்ணைச் சிக்கனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை! ஆதலால் ஆலைத் துண்டு எவ்வளவு, உண்மையில் உழைத்து ஓய்ந்த இரும்பு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது குறியெண் முதலாவதைவிட நியாயமானது. உழைத்து ஓய்ந்த பொருளில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்று அது கேட்கிறது. இங்கே வகுக்கும் எண் இன்றைய உற்பத்தி அன்று. இன்று ஓய்வு பெறும் பொருள். தம்பிமார் எத்தனை பேர் என்பதை விட்டு, அண்ணன் சட்டை வீணாயிற்றா இல்லையா என்று பார்ப்பது போன்றது இது. மோட்டார் வண்டிகளைப் பற்றி 2025 ஏப்ரலில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த விதிகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. வண்டி செய்வோர் இன்று விற்கும் வண்டிகளைக் கொண்டு அவர்களது கடமையை அவை அளக்கவில்லை. வாடகை, போக்குவரத்து வண்டிகளாயின் 15 ஆண்டுகளுக்கு முன்னும், சொந்த வண்டிகளாயின் 20 ஆண்டுகளுக்கு முன்னும் விற்றவற்றில் இருந்த உருக்கையே அடிப்படையாகக் கொள்கின்றன. அதில் முதல் ஐந்தாண்டுகளுக்கு 8 சதவிகிதமாவது மீட்கப்பட வேண்டும். பிறகு 13, அதன் பின் 18 என்று இலக்கு உயர்கிறது.

இந்த எண்களைக் கேட்டவுடன், நூற்றுக்கு எட்டுத்தானா என்று வியப்புத் தோன்றலாம். ஆனால் ஓடாத வண்டியை நம் நாட்டில் எவரும் குப்பையில் போடுவதில்லை. அது பிரிக்கப்படுகிறது, பாகங்கள் விற்கப்படுகின்றன, மிச்சம் உலைக்குப் போகிறது. விதியின் கண்ணுக்குத் தெரிவது பதிவு பெற்ற நிலையங்களின் வழியாகச் சான்றிதழோடு செல்லும் இரும்பு மட்டுமே. சந்துகளில் சம்மட்டியும் உளியும் கொண்டு பிரிக்கும் கைகளின் வழியாகச் செல்லும் இரும்பு அந்த ஏட்டில் ஏறுவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கொள்கை வகுக்கப்பட்டபோது, உள்நாட்டில் கிடைக்கும் பழைய இரும்பு 2.5 கோடி டன் என்றும், அது அமைப்புசாராத் தொழிலின் வழியாகவே வருகிறது என்றும் அரசே குறித்திருந்தது. எனவே இக்குறியெண் உயரும்போது, இரும்பு புதிதாகத் திரும்புகிறதா, அல்லது முன்பே திரும்பிக்கொண்டிருந்த இரும்பு ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு மாறுகிறதா என்று கேட்கவேண்டும். பதிவு பெற்ற நிலையத்தில் எண்ணெயும் அமிலமும் மண்ணில் கலக்காமல் எடுக்கப்படுவதால், அந்த மாற்றமும் நன்மையே. ஆயினும் அது வேறு நன்மை. அதனை வேறு பெயரிட்டே எழுதவேண்டும்.

மூன்றாவதாக, பழைய இரும்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். முன்சொன்ன கொள்கை உள்நாட்டு 2.5 கோடி டன்னோடு இறக்குமதி 70 லட்சம் டன்னையும் சேர்த்துக் கூறியது. அதாவது, உலைக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிற நாட்டில் உழைத்து ஓய்ந்த இரும்பு. நம் உலைக்கு அது பயன். தாதுவும் நிலக்கரியும் மிச்சம். ஆனால் நம் நாட்டுச் சுழற்சி நன்றாக நடக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையை வாங்கி உடுத்துவது சிக்கனந்தான்; எனினும் நம் வீட்டுச் சட்டை என்னவாயிற்று என்ற கேள்விக்கு அது விடையன்று.

குஜராத்தில் காம்பே வளைகுடாக் கரையிலுள்ள ஆலங் என்னும் ஊர் இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு. அங்கே 1983 முதல் கப்பல் உடைக்கும் தொழில் நடந்து வருகிறது. ஓங்கி எழும் கடலேற்றத்தின்போது பழைய கப்பலைக் கரையில் ஏற்றிவிடுவார்கள்; நீர் வடிந்ததும் அது மணலில் அமர்ந்துவிடும். பிறகு அதன் உருக்குத் தகடுகளை எரிவாயுச் சுடரால் அறுத்தெடுக்கிறார்கள். நல்ல தகடுகள் உலைக்கே போவதில்லை. அவற்றைச் சூடாக்கி உருட்டாலையில் மீண்டும் உருட்டிக் கம்பியும் பட்டையும் செய்கிறார்கள். உருக்கும் எரிபொருளும் மிச்சமாவதால், சுழற்சியில் இது மிகச் சிறந்த குறுக்குவழி. ஆனால் உலையில் இட்ட பழைய இரும்பின் பங்கைக் கேட்கும் முதல் குறியெண்ணில் இத்தகடு இடம் பெறாது. அது உலைக்குள் போகவில்லை அல்லவா?

அதே ஆலங் கரையில் மற்றொரு பாடமும் உண்டு. கப்பலோடு கல்நாரும் எண்ணெய்க் கசடும் நச்சுப் பூச்சுகளும் வருகின்றன. உயரத்திலிருந்து விழும் தகடும், எரியும் வாயுவும் அங்கே உழைப்போரின் உயிரைப் பறித்ததுண்டு. இதுவரை கண்ட குறியெண் எதிலும் இதற்குக் கட்டம் இல்லை; டன் கணக்கு மட்டுமே இருக்கிறது. உலக நாடுகள் 2009-இல் ஹாங்காங்கில் செய்துகொண்ட உடன்படிக்கை 2025 ஜூன் 26-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாடு அதில் 2019-இலேயே சேர்ந்து, அவ்வாண்டிலேயே கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. ஓர் இரும்புத் துண்டு திரும்பிவந்தது என்று மகிழும்போது, அதைத் திருப்பிக் கொணர்ந்தவர் நலமாக வீடு திரும்பினாரா என்றும் சேர்த்துக் கேட்பதே முழுமையான கணக்கு.

நான்காவது குறியெண் நம் நாட்டில் மிக எளிதாக ஏமாற்றக்கூடியது. மின்சாரத்தால் இயங்கும் உலைகளில் எத்தனை பங்கு உருக்கு வார்க்கப்படுகிறது என்பதே அது. பல நாடுகளில் மின்னுலை என்றால் பழைய இரும்பு என்று பொருள். ஆதலின் மின்னுலையின் பங்கையே சுழற்சியின் அடையாளமாகக் கொள்கிறார்கள். நம் நாட்டில் அண்மை ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட உருக்கு மின்னுலைகளிலிருந்தே வந்திருக்கிறது. இதனை மட்டும் கண்ட வெளியார் ஒருவர், இந்தியா சுழற்சியில் வெகுதூரம் முன்னேறிவிட்டது என்று முடிவு செய்யக்கூடும். ஆனால் உலகிலேயே மிகுதியாக ஸ்பாஞ்ச் இரும்பு செய்யும் நாடும் இதுவே. இரும்புத்தாதுவை உருக்காமலே, பெரும்பாலும் நிலக்கரியைக் கொண்டு, பிராணவாயுவை நீக்கிச் செய்வது ஸ்பாஞ்ச் இரும்பு. அதுவே நம் மின்னுலைகளுக்குப் பெரிய தீனி. ஆகவே உலை மின்னுலையாயினும், உள்ளே போவது நேற்றுச் சுரங்கத்திலிருந்து வந்த புதுத் தாதுவாக இருக்கலாம். அடுப்பைப் பார்த்துச் சமையலைச் சொல்ல முடியாது. பானையைத் திறந்து பார்க்க வேண்டும். கரிவாயுவின் அளவைத் தனியே கணக்கிடுவதும் இதனாலேயே தேவையாகிறது. நம் அரசு 2024 டிசம்பரில் வெளியிட்ட பசுமை உருக்கு வரையறை, ஒரு டன் உருக்குக்கு 2.2 டன்னுக்குக் குறைந்த கரிவாயுவை வெளியிடும் ஆலைகளுக்கு நட்சத்திரத் தரம் அளிக்கிறது. பழைய இரும்பின் பங்கு ஒரு கேள்வி. புகையின் அளவு மற்றொரு கேள்வி. ஒன்றன் விடையை மற்றதற்கு எழுதலாகாது.

ஐந்தாவதாகத் தரம். பழைய காரை அப்படியே நசுக்கி உலையில் இட்டால், அதன் மோட்டார்களிலும் மின்கம்பிகளிலும் உள்ள செம்பு உருக்கோடு கலந்துவிடும். கலந்த செம்பை உருக்கிலிருந்து பிரிக்கச் சிக்கனமான வழி இன்றும் கைவரவில்லை. செம்பு மிகுந்த உருக்கைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். மெல்லிய கார்த் தகட்டுக்கு அது உதவாது. கட்டடக் கம்பிக்குப் போகும். டன் கணக்கில் எல்லாம் திரும்பிவந்ததுதான். ஆனால் ஒரு படி இறங்கி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி இறங்கினால், அதனைச் சுழற்சி என்பதைவிடப் படிக்கட்டு என்பதே பொருந்தும். எவ்வளவு திரும்பியது என்பதோடு, எந்த வேலைக்குத் திரும்பியது என்றும் கேட்கவேண்டும். உலைக்கு அனுப்புமுன் செம்பையும் இரும்பையும் கையால் பிரித்தெடுக்கும் சிறு கடைக்காரரின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பது இங்கேதான் புலப்படும். பிரித்த செம்புக்குத் தனி விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு; உருக்கின் தரம் காக்கப்படுகிறது என்பது நாட்டின் கணக்கு. இரண்டும் ஒரே மேசைமேல் ஒத்துப்போகின்றன.

இறுதியாக, மேலே கண்ட குறியெண்கள் மறந்துவிடும் ஒரு நற்பண்பு உண்டு. அது நீண்ட ஆயுள். தில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணை நேரில் கண்டவர் பலர் இருப்பீர்கள். ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் உடைய அத்தூண், 1,600 ஆண்டுகளாகப் பெரிதும் துருவேறாமல் நிற்கிறது. மறுசுழற்சிக் கணக்கில் அதன் மதிப்பெண் சுழியம். ஒரு முறையேனும் உலைக்குத் திரும்பவில்லை. ஆயினும் அதைவிடச் சிக்கனமாக உழைத்த இரும்பு எது? கல்கத்தாவில் 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தில் 26,500 டன் உருக்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் வார்க்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது உலைக்கு வராமல் மக்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாலம் இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை இடிந்து, மீண்டும் மீண்டும் வார்க்கப்பட்டிருந்தால், மறுசுழற்சி எண்கள் மேலும் அழகாகத்தான் தோன்றியிருக்கும், நாடுதான் ஏழையாகியிருக்கும். பழுதுபார்ப்பதும், வர்ணம் பூசிக் காப்பதும், வலுவாகக் கட்டுவதும் சுழற்சியின் முதற்படிகள். உருக்குவது கடைசிப் படி.

இவ்வளவும் கூறியதால் குறியெண்களே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நல்ல வைத்தியர் நாடியை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதில்லை. நாக்கையும் கண்ணையும் பார்க்கிறார், வயதையும் கேட்கிறார். ஒரு தொழிலின் சுழற்சியைப் பற்றி எவரேனும் ஒரு சதவிகிதம் கூறினால், நாமும் அவ்வாறே சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இந்த எண் எதை எதால் வகுத்து வந்தது? அத்தொழில் வளரும் பருவத்திலுள்ளதா, வளர்ந்து நின்றதா? திரும்பி வந்த பொருள் உழைத்து ஓய்ந்ததா, வெட்டி வீணானதா? அது நம்முடையதா, பிறருடையதா? திரும்பியபின் பழைய வேலைக்கே தகுதியுடையதா? எவருடைய கை அதனைத் திருப்பியது. அந்தக் கை ஏட்டில் இருக்கிறதா? இவ்வாறு கேட்டபின் கிடைக்கும் விடைகளைச் சேர்த்துப் படித்தால்தான் தொழிலின் உண்மை உருவம் தெரியும்.

எண்ணைப் படிப்பதில் நேரும் பிழை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. எதை அளக்கிறோமோ அதற்கே பரிசும் தண்டனையும் அமைகின்றன. வளரும் நாட்டின் ஆலையை, வளர்ந்து முடிந்த நாட்டின் அளவுகோலால் அளந்தால், இல்லாத குற்றத்திற்குத் தண்டம் கட்ட நேரும். பதிவு பெற்ற நிலையத்தின் டன்னை மட்டும் எண்ணினால், நாட்டின் பழைய இரும்பைத் தோளிலும் வண்டியிலும் சுமந்தவர்கள் இல்லாதவர்களாகிவிடுவார்கள். இல்லாதவர்களுக்கு எவரும் கையுறையோ காப்பீடோ கடனோ தருவதில்லை. சரியான எண்ணோ அவர்களை ஏட்டில் ஏற்றும். ஏட்டில் ஏறியவரைச் சட்டமும் வங்கியும் காணத் தொடங்கும்.

நாளை காலை அந்தக் குரல் மீண்டும் நம் தெருவில் கேட்கும். உடைந்த வாளியை எடுத்துக் கொடுக்குமுன், அதற்கு ஓர் அடிப்பகுதி வைத்துத் தைக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியாதென்றால், இரும்பைத் தனியாகவும் செம்பைத் தனியாகவும் பிரித்துக் கொடுப்போம். அவர் தராசில் வைப்பது நம் வீட்டுக் குப்பை அன்று. இன்னும் எந்த ஏட்டிலும் சரியாக எழுதப்படாத நம் நாட்டுக் கணக்கின் ஒரு வரி.